பியட்றிஸின் விருப்பு வாக்கு

மட்டக்களப்பு சின்ன உப்போடையில் பியட்றிஸ் கொடி தைத்துக் கொடுக்காத கட்சி இல்லை. தேர்தல் அறிவித்துவிட்டால் அவள் வீட்டு முன்னறையில் துணிக்கட்டுகள் வந்து விழும். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள். விளிம்பை மடித்து, தடி நுழைய இடம் விட்டு, ஓட்டி ஓட்டித் தைத்து அடுக்குவாள். காலையில் ஒரு கட்சிக்காரன் வருவான், பின்னேரம் அவனுடைய எதிராளி வருவான். இரண்டு பேரும் தற்செயலாக வாசல் படலையில் முட்டிக்கொண்டால், கள்ளுத் தவறணை வாசலில் சம்பந்தியைக் கண்டவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். நீங்க எந்தப் பக்கம் அன்ரி என்று அவர்களில் யாராவது கேட்டால், மெஷினை நிறுத்தாமலே பதில் சொல்வாள்.

"எனக்கு எல்லாக் கொடியும் ஒரே அளவுதான் மனே."

அறுபத்தாறு வயது அவளுக்கு. பிறந்தது வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் டச்பாரில். தகப்பன் கொல்லன். மடத்துச் சிஸ்டர்மாரிடம் தையல் பழகினாள். தச்சுவேலை செய்த றூபெர்ட்டைக் கட்டினாள். போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டில் ஒன்று உலை இருக்கும், இல்லாவிட்டால் பட்டறை இருக்கும் என்பார்கள். அந்த வழக்கம் பிசகாத கல்யாணம். அன்று வயலினுக்கு ஆடிய ஆட்டத்தில் மாப்பிள்ளையின் சப்பாத்துக்கு அடித்தோல் கழன்று, அதை ஒரு பிள்ளை பொறுக்கிக்கொண்டு போய்ப் பாதிரியாரிடம் கொடுத்ததாம். றூபெர்ட் இன்றுவரை அப்படி நடக்கவேயில்லை என்கிறார்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்த வருஷத்தில் அவர்கள் நகரத்தில் றூபெர்ட்டின் தங்கை வீட்டில் தங்கியிருந்தார்கள். அதனால் தாய், தகப்பன், மகள், மகன் நான்கு பேரும் மிஞ்சினார்கள். டச்பார் வீடு மிஞ்சவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த சொந்தக்காரர் பலர் மிஞ்சவில்லை. பியட்றிஸ் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். ஆனால் அதற்குப் பிறகு, நத்தார் மேசையில் எல்லோரும் வந்து உட்காரும்வரை கரண்டியைத் தொடாத பழக்கம் ஒன்று அவளிடம் ஒட்டிக்கொண்டது. பாத்றூமில் ஒருவர் இருந்தாலும் சோறு ஆறிக்கொண்டுதான் இருக்கும்.

மூத்தவள் ஜிலியன் கல்யாணம் முடித்து அமெரிக்கா போனாள். சில வருஷம் கழித்து விசாக் குலுக்கலில் பெயர் விழுந்து இளையவன் லெஸ்டரும் போனான். அவளுக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை, அவன் லொறி ஓட்டுகிறான். இரண்டு பேரும் ஒரே மாநிலம், காரில் காலையில் வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்கிற தூரம். இரண்டு பேரும் அந்த நாட்டுப் பிரஜைகளாகிவிட்டார்கள். ஊருக்கு வந்து போயிருக்கிறார்கள்தான், ஆனால் ஒன்றாக வந்ததே இல்லை. அவளுக்கு லீவு கிடைத்தால் இவனுக்குக் கிடைக்காது. இவன் வந்தால் அவளுடைய பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும்.

போன வருஷம் றூபெர்ட்டுக்குப் பாரிசவாதம் வந்தது. மரம் சீவும் சீவுளி பிடித்த வலக்கையை மேசையில் தூக்கி வைத்தால் வைத்த இடத்திலேயே கிடந்தது. அப்போதுதான் பியட்றிஸ் பிள்ளைகளிடம் வாய் திறந்து ஒன்று கேட்டாள். இந்த நத்தாருக்கு ரெண்டு பேரும் ஒண்டா வாங்க, டடாவுக்கு முன்னால ஒரு முறை ஒண்டா இருந்து சாப்பிட்டிட்டுப் போங்க. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வாறம் மம்மா என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அது ஜூன் மாதம். அன்றிலிருந்து அவள் அந்த வாக்கை வைத்துக்கொண்டு நடமாடினாள். மீன்காரனிடம் சொன்னாள், கோயிலில் பக்கத்து வாங்கில் இருந்தவளிடம் சொன்னாள், கொடி வாங்க வந்தவர்களிடமும் சொன்னாள்.

செப்டெம்பரில் இங்கே ஜனாதிபதித் தேர்தல் வந்தது. நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் புருஷனும் பெண்சாதியும் அரசியலுக்காகச் சண்டை பிடித்தது அதுதான் முதல் தடவை. காஸ் சிலிண்டருக்கு வெயிலில் நின்ற நாட்களை றூபெர்ட் மறக்கவில்லை; பழைய முகம் ஒன்றுக்கும் இனி இல்லை, புதிய ஆளுக்குத்தான் என்றார். தெரியாத பேயைவிடத் தெரிந்த பேய் மேல் என்றாள் பியட்றிஸ். கோபம் முற்றினால் இருவரும் பறங்கிப் பாஷைக்கு மாறிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு விளங்கக்கூடாது என்று பழகியது. இப்போது விளங்காமல் இருப்பதற்கு அந்த வீட்டில் ஸுஹைனா மட்டும்தான் இருந்தாள்.

ஸுஹைனா காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து பியட்றிஸுடன் சேர்ந்து தைப்பவள். நாக்கு நீளம், கை அதைவிட வேகம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒங்கட பாஷ வெளங்கல்ல. ஆனா ஏசுறீங்க எண்டு வெளங்குது. பியட்றிஸக்கா, நீங்க ஒங்கட ஆளுக்கு ஒண்டு போடுங்க, அங்கிள்ர ஆளுக்கு ரெண்டு போடுங்க. அங்கிளும் அப்புடிப் போடட்டும். சல்லும் சண்டயும் முடிஞ்சிது."

நம் நாட்டு ஜனாதிபதி வாக்குச்சீட்டில் அப்படி ஒரு வசதி உண்டு. விரும்பியவருக்கு ஒன்று என்று எழுதிவிட்டு, அவர் வராவிட்டால் இவர் என்று இன்னொருவருக்கு இரண்டு போடலாம். விருப்பு வாக்கு என்பார்கள். இத்தனை காலமும் அதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை, இந்த முறைதான் ஊரெல்லாம் அதுவே கதை. பியட்றிஸுக்கு அந்த யோசனை பிடித்துக்கொண்டது. தேர்தலன்று றூபெர்ட்டை ஆட்டோவில் ஏற்றிப் போனாள். அவர் மறைப்புக்குள் நின்று இடக்கையால் என்ன எழுதினார் என்று அவள் பார்க்கவில்லை, பிறகு கேட்கவுமில்லை. போட்டிருப்பார் என்று நம்பினாள். அவரும் அவளைக் கேட்கவில்லை. அன்று மத்தியானம் பல நாளைக்குப் பிறகு பருப்புக்கு உப்பு சரியாக விழுந்திருந்தது.

ஆகவே, அக்டோபரில் அமெரிக்காத் தேர்தல் வீட்டுக்குள் வந்தபோது, பியட்றிஸ் முதலில் பயப்படவில்லை. தன் கையில் மருந்து இருக்கிறதென்று நினைத்தாள்.

அது வந்த விதம் இப்படி. வீட்டுக்காரர் நான்கு பேரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் ஜிலியன் ஒரு படம் போட்டாள். வாக்கெண்ணும் அலுவலகமொன்றில் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது, தபாலில் வருகிற வாக்குகளின் உறையைத் திறந்து அடுக்குகிற வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பள்ளிக்கூடத்தில் மொனிற்றர் ஆக்கப்பட்ட பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றாள். அதற்குக் கீழே லெஸ்டர் எழுதினான்: "களவுக்கு அக்காவையும் சேத்திட்டாங்களா?" பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

பகிடி என்று நினைத்து பியட்றிஸும் ஒரு சிரிக்கிற முகம் போட்டாள். அதை அவள் பிறகு பல தடவை நினைத்து வருந்தினாள்.

அதன் பிறகு லெஸ்டர் வீடியோக்களாக அனுப்பத் தொடங்கினான். யாரோ ஒருவன் காருக்குள் இருந்து கத்துகிறான். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு போகிறார்கள், அதற்கு மேல் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறது. இங்கிலீசு வேகமாக ஓடியதில் பியட்றிஸுக்குப் பாதி பிடிபடவில்லை, கோபம் மட்டும் முழுதாக விளங்கியது. அந்தக் கோபத்தை அவளுக்குத் தெரியும். பெற்றோல் வரிசையில் கண்டிருக்கிறாள். ஜிலியன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள், பிறகு பொறுமையில்லாமல் எழுதினாள், பிறகு எழுதுவதை விட்டாள்.

அங்கே ஒரு கட்சி சிவப்பாம், மற்றது நீலமாம் என்று தெரிந்தபோது பியட்றிஸுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் இல்லம் பிரித்த மாதிரி. லெஸ்டர் சிவப்பு இல்லம், ஜிலியன் நீல இல்லம். அந்தக் காலத்தில் இரண்டு பேருக்கும் அவள்தான் தலைப்பட்டி தைத்துக் கொடுத்தாள். போட்டி முடிந்து ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வருவார்கள், தோற்றவர் வென்றவரின் தலைப்பட்டியைப் பறித்துக் கட்டிக்கொண்டு.

"இது அப்படியில்ல பியா" என்று மட்டும் சொன்னார் றூபெர்ட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அங்கே அவர்களுக்குக் காலை வேளை, ஸுஹைனா முதல் நாள் காட்டிக் கொடுத்த மாதிரியே பட்டன்களை அமத்தி இரண்டு பிள்ளைகளையும் ஒரே திரையில் கூப்பிட்டாள். ஃபோனைத் தையல் மெஷினில் சாத்தி வைத்தாள். மேலே ஜிலியன், கீழே லெஸ்டர். சுகம் கேட்டார்கள், தாயைக் கேட்டார்கள், தகப்பனைக் கேட்டார்கள், ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. பியட்றிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் திட்டத்தைச் சொன்னாள். லெஸ்டர் தன்ட ஆளுக்கு ஒண்டு போடட்டும், அக்காட ஆளுக்கு ரெண்டு போடட்டும். அக்காவும் அதே மாதிரி. நானும் டடாவும் அப்படித்தான் செய்தம், பாருங்க, ஒரு சண்ட சில்லெடுப்பும் இல்ல.

மேல் சதுரத்தில் ஜிலியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழே லெஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் தகப்பனின் சிரிப்பைத்தான் எடுத்திருக்கிறார்கள், தோள் குலுங்குகிற சிரிப்பு. பியட்றிஸ் எதற்கென்று தெரியாமலே தானும் சேர்ந்து சிரித்தாள். நத்தார் மேசை கண் முன்னால் வந்து நின்றது.

"மம்மா, இஞ்ச ரெண்டு இல்ல" என்றாள் ஜிலியன், கண்ணைத் துடைத்தபடி. "ஒராளுக்குத்தான் போடலாம். மற்றவருக்கு ஒண்டுமில்ல."

"என்ன நாடு அது?" என்றாள் பியட்றிஸ். அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில், ஒரு சீட்டில் இன்னொரு இலக்கம் எழுத இடமில்லையா?

"எழுதினாலும் என்ன மம்மா" என்றான் லெஸ்டர். "எழுதுறதா எண்ணப் போறாங்க?"

அவ்வளவுதான். சிரிப்பு நின்ற இடம் தெரியவில்லை. உன்னோட கதைச்சு வேலையில்ல தம்பி என்று ஜிலியன் தொடங்கினாள். ஒரு மேசைக்கு இரண்டு பேராம், ஒருவர் அந்தக் கட்சி, ஒருவர் இந்தக் கட்சி. அவளோடு இருக்கிற கிழவி சிவப்புப் பக்கமாம், தினமும் வீட்டில் சுட்ட கேக் கொண்டுவந்து கொடுப்பாளாம், இரண்டு பேரும் பார்க்காமல் ஓர் உறைகூடத் திறக்க முடியாதாம். அந்தக் கிழவியும் உன்னை மாதிரி ஏமாந்த ஆள்தான் என்றான் லெஸ்டர். உங்களுக்கு முன்னால வைக்கிறதத்தான் நீங்க பாக்கிறீங்க, மேல ஆர் இருக்கிறான் எண்டு உங்களுக்கென்ன தெரியும்.

ஜிலியன் திரைக்குக் கிட்ட வந்தாள். "நான் களவெடுக்கிறன் எண்டு சொல்றியா? ஓம் எண்டு சொல்லு, இல்லாட்டி இல்ல எண்டு சொல்லு."

"நான் ஒருத்தரையும் நம்பல்ல அக்கா."

"என்னையும்?"

ஜிலியன் காத்திருந்தாள். பியட்றிஸ் ஓடாமல் நின்ற மெஷினின் சில்லைக் கையால் பிடித்துக்கொண்டாள். சொல்லு மகன், இல்ல எண்டு சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினாள். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அப்போது அக்காவை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தான்.

"மம்மா, நான் முதல் முதல் வோட்டுப் போடப் போனது ஞாபகமிருக்கா?"

எப்படி மறப்பாள். நாட்டில் சண்டை நடந்த காலத்துத் தேர்தல் ஒன்று. அவள் தைத்துக் கொடுத்த புதுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, தலைமுடியைத் தண்ணி வைத்துச் சீவிக்கொண்டு போனான். வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டு, மேசைக்குப் போனால், உன்ட வோட்டு ஏற்கெனவே விழுந்திட்டு தம்பி என்றார்களாம். வாசலில் நின்ற சில பேர் அவனைப் பார்த்துச் சிரித்தார்களாம். கூட்டாளிமார் றோட்டில் நின்று மை பூசிய விரலைக் காட்டிக்கொண்டிருக்க, இவன் கையைக் கால்சட்டைப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்தும் எடுக்கவில்லை. பியட்றிஸ்தான் இழுத்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற விரல். விடு மகன், உயிரோட வந்தாய், அது காணும், போதும் என்றாள். அந்த நாளில் அதைவிட நல்ல சொல் எந்தத் தாயிடமும் இருக்கவில்லை.

"நீங்க விடு எண்டீங்க" என்றான் லெஸ்டர். "நான் விடல்ல மம்மா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மேல் சதுரம் மறைந்து, லெஸ்டர் திரை முழுதும் பெரிதானான். அன்றிரவே குழுவில் ஒரு வரி விழுந்திருந்தது. ஜிலியன் வெளியேறினார். அந்த 'னார்' மரியாதை பியட்றிஸைச் சுட்டது. பெற்ற பிள்ளையை, பாராளுமன்றத்திலிருந்து எழுந்து போன யாரோ ஒருத்தியைப் போல அல்லவா சொல்கிறது.

அடுத்த கிழமை ஜிலியன் தனியாக ஃபோன் எடுத்தாள். அழவில்லை, அதுதான் பியட்றிஸைப் பயமுறுத்தியது. தம்பி வாறதெண்டா நான் வரல்ல மம்மா, அவனோட ஒரு மேசையில இருக்க என்னால ஏலாது என்றாள். லெஸ்டரும் எடுத்தான். அக்கா வந்தா என்னக் குற்றவாளிக் கூண்டில ஏத்துவா, நத்தாரும் ஒண்டும் வேணாம் மம்மா, அவ வாறாவா இல்லையா எண்டு கேட்டுச் சொல்லுங்க என்றான். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். இரண்டு பேரும் முடிவைத் தாயின் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு கண்ணில் எது வேண்டாம் என்று கேட்டால் யார் விரல் நீட்டுவார்? பியட்றிஸ் அந்த நாட்களில் தைத்த சட்டைகளில் கை மாறித் தைத்தது ஒன்று, பொத்தான் துளை வெட்டாமல் விட்டது ஒன்று. ஸுஹைனா சத்தமில்லாமல் பிரித்துத் தைத்தாள். கடைசியில் அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, நான் ஒண்டு சொல்லட்டா? மகனுக்கிட்டச் சொல்லுங்க மகள் வரல்ல எண்டு. மகளுக்கிட்டச் சொல்லுங்க மகன் வரல்ல எண்டு. ரெண்டு பேரும் வந்திறங்கட்டும். மறுகா வாசல்ல கண்டா திரும்பியா போவாங்க? பொய்தான். நல்லதுக்குச் சொல்ற பொய்க்கு அல்லாஹ் மன்னிப்பான்."

அன்று முழுதும் பியட்றிஸ் அந்தப் பொய்யோடு இருந்தாள். அதைச் சொல்லிப் பழகிக்கூடப் பார்த்தாள், தண்ணி அள்ளும்போது, கிணற்றுக்குள் குனிந்து. நடக்கக்கூடிய காரியம்தான். லெஸ்டர் வந்து பெட்டியை இறக்குவான், உள்ளே அக்கா நிற்பாள், ஒரு கணம் இருவரும் விறைத்து நிற்பார்கள். பிறகு? பிறகு லெஸ்டர் தாயைத் திரும்பிப் பார்ப்பான். ஊரில் ஏமாற்றினார்கள், போன நாட்டில் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லித் திரிகிறவன். ஒருத்தரையும் நம்பாதவன் இன்னும் நம்புகிற ஆள் ஒன்றே ஒன்றுதான். அந்த ஆளும் பொய் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று தெரிந்தால், அவன் எங்கே போய் நிற்பான்?

ஆகவே இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். நான் ஒருத்தரையும் வரவேணாம் எண்டு சொல்லமாட்டன், இது உங்கட வீடு. அது நடுநிலையான பதில் என்று நினைத்தாள். லெஸ்டர் அதை வா என்று எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பதிந்திருந்த டிக்கெற்றை உறுதி செய்தான். ஜிலியன் அதை அவன் வருகிறான் என்று எடுத்துக்கொண்டு தன் டிக்கெற்றை ரத்துச் செய்தாள். அவள் ஒரு பக்கமும் சாயாமல் நின்றதே ஒரு பக்கம் சாய்ந்ததாக முடிந்தது.

நவம்பரில் அங்கே முடிவு வந்தது. லெஸ்டருடைய பக்கம் வென்றது. பியட்றிஸுக்கு அரசியல் ஒரு புறம் இருக்க, இனி வழி திறக்கும் என்று ஒரு ஆசை பிறந்தது. வென்றவனுக்கு என்ன கோபம்? அவன் எடுத்தபோது குரலில் பெருநாள் இருந்தது. இப்ப சரிதானே மகன், எண்ணினதெல்லாம் ஒழுங்காத்தானே எண்ணியிருக்கிறாங்க, அக்காவுக்கு எடுத்து ஒரு வார்த்தை கதை என்றாள். இந்த முறை எங்கட சனம் கூடிப் போச்சு, அவங்களால களவெடுக்க ஏலாமப் போச்சு, அவ்வளவுதான் மம்மா என்றான்.

ஜிலியனுக்கு அவளே எடுத்தாள். ஜிலியன் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"முந்தி அவன் கேட்டான், எண்ணினது சரியா எண்டு. இப்ப எங்கட ஆக்கள் கேக்காங்க மம்மா. என்னோட நிண்ட ஆக்கள். நான் என்ன சொல்ல? சரி எண்டாலும் ஒருத்தரும் நம்பினமாதிரி இல்ல." குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். "இனி அந்த வேலைக்குப் போகமாட்டன்."

விடு மகள் என்று பியட்றிஸுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

டிசம்பர் இருபதுக்குப் பிறகு ஒரு மழை நாளில் லெஸ்டர் வந்து இறங்கினான். உடம்பு வைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. வந்த அன்றே தகப்பனுக்குச் சவரம் செய்துவிட்டான். மறுநாள் மழை விட்ட நேரம் பார்த்துப் படலைக்குப் புதுப் பிணைச்சல் போட்டான், றூபெர்ட் கதிரையில் இருந்து இடக்கையால் அங்க இல்ல, இஞ்ச என்று காட்டக் காட்ட. பியட்றிஸ் கேக்குக்கு முந்திரி வெட்டிக்கொண்டே அதைப் பார்த்தாள். இவன் கெட்டவன் என்றால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். இரவில் அவன் கட்டிலில் கிடந்து ஃபோனில் அதே கத்துகிற ஆட்களைப் பார்த்தான், சத்தத்தைக் குறைத்துவிட்டு. வென்ற பிறகும் அவர்கள் கத்துவதை நிறுத்தவில்லை. அக்காவைப் பற்றி அவன் ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் தகப்பனுக்கென்று கொண்டு வந்த சப்பாத்துப் பெட்டியைத் திறந்தபோது, இதை அக்காதான் முதல்ல டடாவுக்கு வாங்கிக் குடுத்தவ, அதே கம்பெனிதான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, எழுந்து போய்த் தண்ணி குடித்தான்.

நத்தார் காலை, பூசை முடிந்து வந்து உடுப்பு மாற்றுவதற்குள் ஜிலியன் வீடியோவில் எடுத்தாள். அங்கே இன்னும் நத்தார் பிறக்கவில்லை, அவளுக்குப் பின்னால் இருட்டுக் கண்ணாடியில் பனி ஒட்டியிருந்தது. றூபெர்ட் கையை ஆட்டினார். வாய் கோணினாலும் பறங்கிப் பாஷையில் ஏதோ ஆசீர்வாதம் சொன்னார், அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, விளங்கினமாதிரித் தலையாட்டினாள்.

"வீட்டக் காட்டுங்க மம்மா. எனக்கு எல்லாத்தையும் பாக்கவேணும்."

பியட்றிஸ் ஃபோனைத் திருப்பினாள். மூலையில் லெஸ்டர் வெட்டி நட்டிருந்த சவுக்குக் கொப்பு, அதில் பழைய மணிகள், பக்கத்தில் பாலன் பிறந்த மாட்டுக்கொட்டில். அந்தப் பக்கம் கதிரையில் இருந்த லெஸ்டர் ஃபோன் திரும்புவதைக் கண்டதும் எழுந்து சாப்பாட்டறைக்குள் போய்விட்டான். வடிவா இரிக்கி மம்மா, ஆர் கட்டினது என்று கேட்கத் தொடங்கிய ஜிலியன் பாதியில் நிறுத்தினாள்.

சாப்பாட்டறைக்குப் போனாள். வெட்டாத கேக், வைன் போத்தல், மடித்து வைத்த துவாய்கள். லெஸ்டர் தன் தேத்தண்ணியைக் குடித்த பாதியில் விட்டுக் குசினிக்குள் நழுவினான். கோப்பையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பியட்றிஸ் ஃபோனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள், கோப்பை தெரியாமல். ஆனால் கைக்கு முதலே ஜிலியனின் கண் போய்விட்டிருக்கும். குசினிக்குப் போனாள். அடுப்பில் கோழி, சட்டியில் மஞ்சள் சோறு. பின் கதவுத் திரை ஆடிக்கொண்டிருந்தது. வீடு சின்ன வீடு. அவள் முன்னே போகப் போக அவன் அறை அறையாகப் பின்வாங்கினான், விருந்துக்கு வந்த இடத்தில் கடன்காரனைக் கண்டவன் போல. இந்த நடையை நிறுத்தலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மகள் வீட்டைக் காட்டச் சொன்னாள். காட்டாமல் விட்டால், அவன் இங்கே நிற்கிறான் என்று இன்னொரு விதமாகச் சொல்வதாகிவிடும்.

பின்கதவைத் தாண்டினால் கிணறு, கொடியில் காய்கிற பெரிய ஆம்பிளைச் சேர்ட்டு, அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் மழையில் கலங்கிய வாவி. லெஸ்டர் வேலியோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அதற்கு மேல் போக அவனுக்கு இடமில்லை. ஓர் அடி எடுத்து வைத்துக் கையை நீட்டினால் அவன் முழுதாகத் திரையில் விழுவான். பியட்றிஸ் நிலைப்படியில் நின்றாள். கால் தூக்கியதும் உண்மை.

"காணும் மம்மா" என்றாள் ஜிலியன் மெதுவாக. "அங்கால போகாதீங்க."

வேலியோரம் நின்றவனுக்கும் அது கேட்டது. அவனுடைய தோள் அசைந்தது. திரும்புவான் என்று பியட்றிஸ் பார்த்தாள். அவன் வேலிக் கம்பியில் கையை வைத்தான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான், திரும்பவில்லை.

அவள் ஃபோனைத் தன் முகத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சாப்பிட்டீங்களா மம்மா?"

"ஓம் மகள்" என்றாள் பியட்றிஸ். "எல்லாரும் சாப்பிட்டிட்டம்."

உள்ளே மேசையில் இன்னும் ஒரு தட்டுக்கூட வைக்கப்பட்டிருக்கவில்லை.